கண்ணி

என் மேஜைமேல் ஒரு இரும்புத் துணுக்கு கிடக்கிறது. எட்டு என்ற எண்ணைப் போல இடை சிறுத்த ஒரு தகடு. அதன் ஒரு கண்ணில் செருகியபடி ஒரு பின். மொத்தமும் ஒரு அங்குலம் தேறாது. சில மாதங்களாக இதை எறியாமல் வைத்திருக்கிறேன். விமர்சகனின் பொறுப்பு பற்றிக் கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். இரண்டு முறை ஆரம்பித்து, இரண்டு முறையும் எலியட்டின் பெயர் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டதால் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாக இந்தத் துணுக்கைப் பற்றி எழுதுகிறேன். பிர்சிக் 1974-இல் எழுதிய மோட்டார் சைக்கிள் புத்தகத்தை நண்பர்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்குத் தத்துவம் தெரியும். எனக்கு பாங்கில் குமாஸ்தா வேலை, ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ., ஒரு சைக்கிள், அவ்வளவுதான்.

பெரிய முதலியார்சாவடியில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையைத் தாண்டினால் குயிலாப்பாளையத்துக்கு ஏறும் செம்மண் மேடு. அந்த மேட்டின்மேல் 1968-இலிருந்து ஆரோவில். வெள்ளைக்காரர்கள் வருவதும் போவதும் இங்கே ஒரு பருவகால நிகழ்ச்சி. அவர்கள் போகும்போது விட்டுப்போகும் சாமான்கள் சாலையோரக் கடைகளில் தலைகாட்டும். அப்படி ஒரு சைக்கிள் கடையில்தான் அதைப் பார்த்தேன்: மெலிந்த டயர்கள், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில்பார், பின்சக்கரத்தில் பத்துப் பல்சக்கரங்கள். ஓட்டப்பந்தயத்துக்கான வண்டி. நான் எந்தப் பந்தயத்திலும் ஓடப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மரக்காணம்வரை போய்வரலாம் என்று நினைத்தேன். 25 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை என்று ஊர்கள் கழிந்தபின் உப்பளங்கள் திடீரென்று விரியும். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிகிற இடம். உள்ளே தள்ளிக் கழுவேலி ஏரி. 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்.

கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் வயது. நான் அவரை ஐயா என்பேன். அவர் என்னை பேங்க் சார் என்பார். ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் கை பழகியவர். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் ஆரம்பித்த பிறகு தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்களின் நடமாட்டம் அந்தக் கறுப்பு வண்டிகளைச் சார்ந்திருந்தது என்று யாராவது எழுத வேண்டும். நம் நாவலாசிரியர்கள் மாட்டு வண்டிக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசியைக்கூட சைக்கிளுக்குக் கொடுத்ததில்லை என்பது என் அபிப்பிராயம். ஐயா அந்த ஓட்டப்பந்தய வண்டியை எனக்கு விற்றபோது ஒன்று சொன்னார்: “இந்த செயினு நம்ம செயினு இல்ல சார். பூஞ்சை. பாத்துக்குங்க.” அதை நான் ஒரு வியாபாரியின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

சைக்கிள் சங்கிலியைப் போல எல்லோரும் பார்த்தும் யாரும் பார்க்காத பொருள் வேறு உண்டா என்று தெரியவில்லை. என் வண்டியில் 108 கண்ணிகள். ஒரு அகக்கண்ணி, ஒரு புறக்கண்ணி என்று மாறி மாறி வரும். இந்த ஜோடிக்குத் தகடுகள் நாலு, பின்கள் இரண்டு, உருளைகள் இரண்டு. ஆக 54 ஜோடிகளில் 432 உறுப்புகள். பின்னுக்குப் பின் அரை அங்குலம். ஐயாவின் ஹெர்குலிஸிலும் அதே அரை அங்குலம்தான். அகலத்தில்தான் வித்தியாசம். பல்சக்கரங்கள் ஐந்து, ஏழு, பத்து என்று பெருகப் பெருகச் சங்கிலி மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. பத்துச் சக்கர வண்டியின் சங்கிலிக்கு வெளியகலம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர். தகட்டைத் தாண்டிப் பின்னின் தலை நீட்டிக்கொண்டிருக்க இடமே இல்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

சங்கிலியின் ஒவ்வொரு கோப்பையும் தமிழில் கண்ணி என்கிறோம். ஈரடிச் செய்யுளுக்கும் அதே பெயர். தாயுமானவரின் பராபரக்கண்ணி ஞாபகத்துக்கு வரலாம். பறவை பிடிக்க வைக்கும் சுருக்குக்கும் அதே பெயர்தான். கடையில் என்னவோ எல்லோரும் ‘லிங்க்’ என்கிறார்கள்.

ஸ்லேட்டர் என்பவர் 1864-இல் காப்புரிமை பெற்ற சங்கிலியில் ஒரு குறை இருந்தது. பாரமெல்லாம் பின்னின்மேல் மெல்லிய தகட்டின் விளிம்பு அழுந்தும் இடத்திலேயே விழுந்து, அங்கேயே தேய்ந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து மான்செஸ்டருக்கு வந்து நெசவாலைகளுக்குச் சங்கிலி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் பின்னைச் சுற்றி ஒரு குழலைப் பொருத்தினார். தேய்மானம் பின்னின் முழு அகலத்துக்கும் பரவியது. ஐந்து வருஷம் கழித்து ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் வந்தது. இன்றைய சைக்கிளின் உருவம் பெரும்பாலும் அதுதான். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் விசிறிகளைச் சுழற்றியதும் சங்கிலிதான். அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா. அந்தச் சங்கிலி செய்த அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்துதான் 1960-இல் சென்னையில் ஒரு சங்கிலித் தொழிற்சாலை வந்தது. வானத்தில் பறந்ததும் காலாப்பட்டுக்கு மீன் கூடை சுமந்ததும் ஒரே வம்சம்.

சங்கிலி ‘நீண்டுபோச்சு’ என்று நாம் சொல்வது உண்மையில் தவறு. எஃகுத் தகடு எதுவும் நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் பின் தேய்கிறது, பின் சுழலும் துளை தேய்கிறது; அந்த மயிரிழை இடைவெளிகள் 108 சேர்ந்து நீளமாகத் தெரிகின்றன. இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். சங்கிலியை இழுத்துப் பிடித்து, பின்னின் நடுவிலிருந்து அளந்தால், புதுச் சங்கிலியில் 24-ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் தள்ளினால் பல்சக்கரங்களும் கூடவே தேய்ந்திருக்கும். புதுச் சங்கிலி போட்டாலும் அவை அதை ஏற்காமல் துள்ளும். சங்கிலி விலையை மிச்சம் பிடித்தவன் சக்கர விலையையும் சேர்த்துக் கொடுக்கிறான். வட்டிக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது புரிய நேரமாகாது. ஆனாலும் நான் அளக்கவில்லை.

அளக்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை, மெழுகு. எண்ணெய் பழைய பழக்கம், மெழுகுதான் சுத்தம் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்திருந்தேன். சங்கிலியைக் கழற்றி, பிசுக்கெல்லாம் போகக் கழுவி, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி எடுத்துத் தொங்கவிட வேண்டும். கொதிக்கும் நீர்ப் பாத்திரத்தில் இன்னொரு பாத்திரம் வைத்து மெழுகை உருக்கினேன். மனைவியின் பால் பாத்திரம் ஒன்று அன்றோடு சமையலறையிலிருந்து வெளியேறியது. விளைவு என்னவோ அற்புதம். சத்தமே இல்லை. கையில் கறுப்பு ஒட்டவில்லை. மண் ஒட்டவில்லை. முதல் இரண்டு வாரம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மரக்காணத்தில் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது உப்பளத்து வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவர் குனிந்து பார்த்தார். “இன்னா சார், எண்ணெயே போடலியா?” என்றார். மெழுகு பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “உப்புக் காத்து சார் இது” என்றார். அவருடைய வண்டி பக்கத்தில் நின்றது. சங்கிலி முழுக்கக் கிரீஸும் உப்புமாகக் கறுத்து, கண்ணிகள் அடையாளமே தெரியாமல் ஒரு கயிறு மாதிரி இருந்தது. எவ்வளவு அசிங்கம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு மாதத்தில் என் சங்கிலியில் செம்புள்ளிகள் தோன்றின. மழையில் நனையவில்லை, ஒரு நாளும் வெளியே நிறுத்தவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது இந்தக் கரையில் எந்த இரும்பின்மேலும் உப்புத் தூசி படிந்தால், மழையே இல்லாமல் அது எப்போதும் ஈரத்தில்தான் நிற்கிறது. மெழுகு உராய்வைக் குறைக்கும், துருவைத் தடுக்காது. பல் பட்ட இடத்தில் உரிந்துபோகும், எண்ணெயைப் போல ஊர்ந்து வந்து மறுபடி மூடாது. எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊர்க் காற்றை அவர்கள் குறிப்பிடவில்லை, ஏனென்றால் காற்றைக் குறிப்பிட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. நம் பத்திரிகைகளில் அமைப்பியலைப் பற்றி வந்த கட்டுரைகளை—என்னுடைய இரண்டையும் சேர்த்துத்தான்—அந்த வாரம் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கும் உப்பில்லை.

பிறகு புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை. என் வீடு தாழ்வான இடத்தில். முழங்கால் வரை நீர். பரண்மேல் ஏற்றியவை பழைய பத்திரிகைகள். ஏற்றாதது சைக்கிள். இதில் என் மதிப்பீடுகள் என்ன என்பது தெரிகிறது என்று மனைவி சொன்னாள். எந்தத் தொனியில் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மூன்றாம் நாள் சங்கிலி ஒரே செம்பழுப்பு. கண்ணிகள் மடங்கவே இல்லை. ஸ்கேலை அப்போதுதான் வைத்துப் பார்த்தேன். எட்டில் ஒன்று.

புதுச் சங்கிலியும் பல்சக்கரத் தொகுப்பும் வாங்கினேன். ஐயாவின் கடைத் திண்ணையில் உட்கார்ந்து நானே போடுகிறேன் என்றேன். புதுச் சங்கிலி எப்போதும் தேவைக்குமேல் நீளமாக வரும். வெட்டிக் குறைக்க வேண்டும். பழையதைப் பக்கத்தில் தொங்கவிட்டு நுனிக்கு நுனி சரிபார்ப்பது தப்பு, ஏனென்றால் ஒரு சதவீதம் தேய்ந்த 54 அங்குலச் சங்கிலி அரை அங்குலத்துக்குமேல் நீண்டிருக்கும்; ஒரு கண்ணியே கூடிவிடும். கண்ணிகளை எண்ணத்தான் வேண்டும். இது எனக்குத் தெரிந்திருந்தது. எண்ணினேன், 107 வந்தது. அகமும் புறமும் மாறி மாறி வருவதால் மொத்தம் இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஒன்று கூட எண்ணிவிட்டேன், சரியான எண் 106 என்று தீர்மானித்தேன். பழைய சங்கிலியைக் கழற்றும்போது அதன் இணைப்புக் கண்ணியைத் தனியே எடுத்து என் சட்டைப் பையில் போட்டிருந்தேன். 108-ஆவது என் மார்புமேலேயே இருந்தது. விதி தெரியாதவனாக இருந்தால் மறுபடி எண்ணியிருப்பேன். விதி தெரிந்ததால் எண்ணவில்லை.

வெட்டி, புது இணைப்புக் கண்ணியால் மாட்டி, முன்னால் பெரிய சக்கரத்துக்கும் பின்னால் பெரிய சக்கரத்துக்கும் ஏற்றிப் பார்த்தபோது, கீழே சங்கிலியை வாங்கிக் கொடுக்கும் கை விறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு கண்ணிகள் குறைவு. பாக்கெட்டில் இணைப்புக் கண்ணி ஒன்றுதான், அதைப் பயன்படுத்தியாயிற்று. வெட்டிய துண்டிலிருந்து இரண்டு கண்ணிகளை எடுத்துத் திரும்பச் சேர்க்க வேண்டுமானால், ஒரு முனைக்கு இணைப்புக் கண்ணி, மறு முனைக்கு நான் ஏற்கனவே தள்ளிய பழைய பின். ஐயா சொல்லிக் கொடுத்திருந்தபடி அந்தப் பின்னை முழுக்கத் தள்ளாமல் தகட்டிலேயே தொங்கவிட்டிருந்தேன். திருகி உள்ளே ஏற்றினேன். மூட்டு சற்று விறைப்பாக இருந்தது. பக்கவாட்டில் இரண்டு முறை வளைத்ததும் இளகியது. பின்னைத் தள்ளும் கருவி என்னிடம் இருந்தது; ஐயா அதே வேலையை ஒரு பஞ்சும் சுத்தியும் வைத்துச் செய்வார். ஐம்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறார். அவர் போட்ட எந்தச் சங்கிலியும் அறுந்து நான் பார்த்ததில்லை.

பாக்கெட்டுக்குள் ஒரு மடித்த தாள் இருந்தது. அதில் ஒரு படம்: தள்ளிய பின்னை மறுபடி ஏற்றும் கை, அதன்மேல் பெருக்கல் குறி. பார்த்தேன். கம்பெனிக்காரன் இன்னொரு இணைப்புக் கண்ணி விற்கச் செய்யும் தந்திரம் என்று ஐயாவிடம் சொன்னேன். ஒரு பிரதி எதை மறைக்கிறது, அதனால் யாருக்கு ஆதாயம் என்று கேட்கப் பழகியவன் நான். எழுதியிருப்பது அப்படியே உண்மையாகவும் இருக்கலாம் என்பது எனக்கு அநேகமாகத் தோன்றுவதே இல்லை.

உண்மை இதுதான். தொழிற்சாலையில் பின்னை ஏற்றியபின் அதன் இரு நுனிகளையும் அழுத்தி மலர்த்துகிறார்கள். அந்த மலர்ந்த விளிம்புதான் தகட்டைப் பிடித்து நிற்கிறது. பின்னைத் தள்ளும்போது அந்த விளிம்பு தகட்டின் துளை வழியே சிராய்த்துக்கொண்டு போகிறது. துளையும் சற்று விரிகிறது. ஐயாவின் பழைய சங்கிலியில் பின்னின் நுனி தகட்டுக்கு வெளியே நன்றாக நீட்டியிருக்கும். விளிம்பு போனாலும் பிடிக்க இடம் உண்டு. அதோடு அந்தச் சங்கிலி ஆயுள் முழுக்க ஒரே நேர்க்கோட்டில் ஓடுகிறது, பக்கவாட்டில் யாரும் அதை இழுப்பதில்லை. என்னுடையதில் நுனிக்கு நீட்ட இடமில்லை. ஒவ்வொரு முறை சக்கரம் மாற்றும்போதும் தகட்டைப் பக்கவாட்டில் நெம்புகிறோம். அவர் சொன்னது அவருடைய சங்கிலிக்கு முழுக்கச் சரி. அது நம்ம செயின் இல்லை என்றும் அவரேதான் சொல்லியிருந்தார்.

மாதம் ஒன்றரை ஒன்றும் ஆகவில்லை. 2025 பொங்கல் கழிந்த ஒரு ஞாயிறு, நண்பர் வந்திருந்தார். கவிஞர், அரசுப் பள்ளியில் தமிழாசிரியர். அவருடைய இரண்டாவது தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதி முடித்து மேஜையில் வைத்திருந்தேன். அவருக்கும் அது தெரியும், அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேச்சுக்கு இடைவெளி வேண்டியோ என்னவோ, “உங்க வண்டிய ஒரு சுத்து ஓட்டட்டுமா?” என்றார். குயிலாப்பாளையம் மேட்டில் ஏறியிருக்கிறார். மேட்டின் பாதியில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டே சக்கரத்தை மாற்றியிருக்கிறார். சங்கிலி அறுந்தது. மிதித்த கால் வெறுமையில் இறங்க, ஆள் முன்னால் சாய்ந்து வலது தோள்மேல் விழுந்தார். காறை எலும்பு முறிவு. இரண்டு பேர் அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பையன் சங்கிலியைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். புறத்தகடு ஒன்று ஒரு பக்கம் பிய்ந்து வளைந்திருந்தது. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இணைப்புக் கண்ணி அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது.

வலது கையை ஆறு வாரம் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கரும்பலகையில் எழுத முடியாது; விடைத்தாள் திருத்த முடியாது; எழுதவும் முடியாது. நான் முதலில் போனபோது அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை. சங்கிலி அறுவது சகஜம் என்பது போல ஏதோ சொன்னேன். இரண்டாவது முறை போனபோது சொன்னேன். 107-ஐ, சட்டைப் பையை, பெருக்கல் குறியை, எல்லாவற்றையும். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உமணருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே” என்றார்.

புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றிப் பாடியது. உப்பு வணிகர் வண்டிகள் நெடுவழி போகின்றன. மாடுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரம் அதிகம். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று யாருக்கும் தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப்போகிறார்கள். சேம அச்சு. அவன் அந்த அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவை. இந்தப் பாட்டை நான் கல்லூரியில் படிக்கவில்லை. அந்த மூன்று வருஷமும் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களின் உவமைகளை வியந்துகொண்டிருந்தேன். நண்பர் இடது கையால் காற்றில் வண்டியின் அடிப்பக்கத்தை வரைந்து காட்டினார். “அச்சு உடையும்னு தெரிஞ்சுதான் பொறப்படறாங்க. அதுல அவங்களுக்கு வெக்கம் ஒண்ணும் இல்ல” என்றார். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வண்டிகளில் சில இந்த வழியாகவே போயிருக்கலாமோ என்று ஒரு பேச்சு அன்று போயிற்று. இரண்டு பேரும் அதை நிரூபிக்க முயலவில்லை.

இப்போது என் வண்டி இருக்கைக்கு அடியில் ஒரு சிறிய பையில் இணைப்புக் கண்ணிகள் இரண்டு இருக்கின்றன. எடை ஒன்றுமில்லை.

மதிப்புரை விஷயம் சொல்ல வேண்டும். தொகுப்பின் நீண்ட கவிதையில் மூன்றாம் பகுதி தேவையற்றது, முதல் இரண்டு பகுதிகள் எழுப்பிய சங்கடத்திலிருந்து கவிஞர் அதில் தப்பித்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தேன். கடுமையாகத்தான். விபத்துக்குப் பிறகு அந்தத் தாள்களை எடுத்துப் படித்தபோது கை கூசியது. ஒரு மனிதரின் தோளை உடைத்துவிட்டு, அவர் கையால் எழுத முடியாமல் கிடக்கும்போது, அவர் கவிதையில் மூட்டு சரியில்லை என்று அச்சிடுவதா? ‘தப்பித்துக்கொள்கிறார்’ என்று முடியும் இரண்டு வாக்கியங்களை அடித்தேன். மற்றதெல்லாம் இருக்கட்டும், சாரம் மாறவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பிரதியை அச்சுக்கு அனுப்புமுன் அவரிடம் காட்டினேன். இதற்கு முன் யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை. காட்டியதே ஒரு பலவீனம்தான்.

அவர் நிதானமாகப் படித்தார். தாளைப் புரட்ட நான்தான் உதவ வேண்டியிருந்தது. “ரெண்டாம் பக்கத்துல ஏதோ எடுத்திருக்கீங்க” என்றார்.

“இல்லையே” என்றேன்.

“அடுத்த பாரா ‘ஆகவே’ன்னு ஆரம்பிக்குது. எதுக்கு ஆகவே?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் கேட்காமலேயே அந்த இரண்டு வாக்கியங்களையும் வாயால் சொன்னேன். அவர் முகத்தில் வலி இருந்தது. தோள் வலியா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. “எழுதினது அதுதான்னா அதப் போடுங்க. கை ஒடிஞ்சவனுக்கு மார்க் போடறது வாத்தியார் வேலை, உங்க வேலை இல்ல” என்றார். வாக்கியங்கள் திரும்ப ஏறின. மதிப்புரை அப்படியே அச்சானது. அதன்பிறகு மூன்று ஞாயிறுகள் அவர் வரவில்லை. மூன்றாம் பகுதி பற்றி நான் எழுதியதில் பாதி தவறு என்று இப்போது எனக்குப் படுகிறது. அது வேறு கட்டுரை. ஆனால் அந்த அபிப்பிராயம் மாறியது கவிதையை மறுபடி படித்ததால்தான் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

பராமரிப்பு பற்றி மிச்சம். சைக்கிள் கடைகளில் முழுப் பழுதுபார்ப்பை ‘ஓவராயில்’ என்பார்கள். ‘ஓவர்ஹால்’ என்ற ஆங்கிலச் சொல் நம் வாயில் புகுந்து எண்ணெயாக மாறிவிட்டது. பெயருக்கு ஏற்றபடி எண்ணெயை ஊற்றுவதும் வழக்கமாயிற்று. ஊற்றிய எண்ணெய் வெளித்தகடுகளில் நின்று மணலைப் பிடித்து அரைக்கும் பசையாக மாறுகிறது. எண்ணெய் தேவைப்படும் இடமோ உள்ளே, பின்னுக்கும் உருளைக்கும் நடுவில். உப்பளத்துக்காரரின் கிரீஸ் கயிறு இதற்கு விலக்கு. அவருக்கு வேகம் முக்கியமில்லை, இரும்பு மிஞ்ச வேண்டும். உப்பு உள்ளே நுழைய வழியில்லாமல் அடைத்து வைத்திருந்தார். அசிங்கம் என்று நான் நினைத்ததை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் மெல்லிய சங்கிலிக்கு அது ஒத்துவராது. மெழுகையும் விட்டாயிற்று. கடற்கரையில் ஓட்டிவந்த அன்றே பழைய வேட்டித் துணியால் துடைக்கிறேன். உப்பை ஒரு இரவுகூட அதன்மேல் தங்க விடுவதில்லை. மாதம் ஒருமுறை டீசலில் கழுவுகிறேன். மண்ணெண்ணெய் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. நன்றாகக் காயவைத்து, ஒரு உருளைக்கு ஒரு சொட்டு. அரை மணி நேரம் ஊறவிட்டு, வெளியே நிற்பதையெல்லாம் துடைத்து எடுத்துவிட வேண்டும். பார்த்தால் எண்ணெய் போடாத மாதிரி இருக்கும். ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. “இன்னா சார், கஞ்சத்தனம்” என்கிறார்.

புதுச் சங்கிலியை மார்ச்சில் போட்டேன். நண்பர் அன்று வந்திருந்தார். கட்டு பிரித்திருந்தார்கள், கை இன்னும் முழுக்க உயரவில்லை. பின்னால் சங்கிலி இரண்டு சிறு சக்கரங்களுக்கு நடுவே நுழையும் இடத்தில் ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. சங்கிலி அதற்கு உள்பக்கமாகப் போக வேண்டும், வெளிப்பக்கம் போனால் கரகரவென்று தேய்க்கும். நான் வெளிப்பக்கம் விட்டிருந்தேன். அவர்தான் பார்த்துச் சொன்னார். இணைப்புக் கண்ணியை மேல்பக்கத்துக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை அழுத்தினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். அழுத்தினேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு எண்ணெய் விடுகிற நாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து இடது கையால் பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுவார். நான் சொட்டு விட்டுக்கொண்டே எண்ணுவேன். நேற்று நாற்பதைத் தாண்டும்போது புதிதாக எழுதிய ஒரு கவிதையைச் சொல்ல ஆரம்பித்தார். எந்த எண்ணில் இருந்தேன் என்பது மறந்துபோய், இணைப்புக் கண்ணி வந்து நிற்கும்வரை சுற்றச் சொல்லி, அங்கிருந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.